குழாயை மூடிட்டீங்களா?

“இனி ஒரு பைசா கட்ட மாட்டேன்!”

தாராவியில் என் வீட்டின் நடுவில் நின்று இதை அறிவித்தேன். எங்கள் வீட்டுக்கு நடு, ஓரம் என்றெல்லாம் கிடையாது. நின்ற இடம்தான் நடு.

நான் மன்சூர் அலி. பிளம்பர். எனக்கு நானே முதலாளி, வாசல் வரைக்கும். வாசலுக்கு உள்ளே என் மனைவி நஸீரா.

கட்ட மாட்டேன் என்றது இன்சூரன்ஸை. அது என் உயிருக்கான இன்சூரன்ஸ் இல்லை, ஊரார் வீட்டுச் சாமானுக்கானது. வேலைக்குப் போன இடத்தில் என் கைத்தவறால் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டு சோபா நனைந்தால், எனக்குப் பதிலாகக் கம்பெனி நஷ்டத்தைக் கொடுக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு சோபாவும் நனையவில்லை. நனையாத சோபாவுக்கு நான் ஏன் அழ வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாலிசியைப் போட்ட ஏஜென்ட் ஜீஷான், நஸீராவின் தம்பி. எங்கள் கல்யாண விருந்தில், சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். அதில் இருந்தது ஒரே ஒரு நல்லி எலும்பு. அதை என் கண் முன்னால் ஜீஷான் எடுத்தான். தட்டோரத்தில் டொக் டொக்கென்று தட்டி உறிஞ்சினான். புதுமாப்பிள்ளை வாய் திறந்து கேட்க முடியுமா? இன்று என் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். நல்லியை நான் மறக்கவில்லை. பணத்தைக்கூட நஸீரா மூலமாகத்தான் கொடுப்பேன். அவன் முகத்தில் விழிப்பதில்லை.

நஸீரா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கட்டாதீங்க.”

“நெசமாத்தான் சொல்லுதேன்.”

“நானும் நெசமாத்தான் சொல்லுதேன். உங்க கை, உங்க தொழில். எனக்கென்ன?”

சண்டைக்கென்று தயார் செய்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாட்டுங்காவில் பாகீரதி மாமி வீட்டில் வேலை. நாலாவது மாடி. லிஃப்ட் ஓடாது. பழைய குழாய்களை மாற்றுகிற வேலை. காலையில் வாட்ச்மேன் மேல்தொட்டி வால்வை அடைத்துவிடுவான். உள்ளே நிற்கிற தண்ணீர் வடிய வேண்டுமென்று வீட்டுக் குழாய்களையெல்லாம் நான் திறந்து வைப்பேன். கிளம்பும்போது ஒவ்வொன்றாக மூட வேண்டும். ஒன்றை மறந்தாலும் தெரியாது, காய்ந்த குழாய் சத்தம் போடாது. சாயங்காலம் வாட்ச்மேன் வால்வைத் திறந்த பிறகுதான் அது பேசும். அந்த நேரத்தில் மாமி வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பாள்.

தாராவியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். போன்.

“ஏங்க, மாமி வீட்டுக் குழாயெல்லாம் மூடிட்டீங்களா?”

“மூடிட்டேன்.”

“சும்மா கேட்டேன். வரும்போது புதினா வாங்கிட்டு வாங்க.”

மூடினேனா? சமையலறையில் மூடினேன். குளியலறையில்? மூடிய ஞாபகம் கையில் இருக்கிறது. ஆனால் அது போன வாரம் வேறு வீட்டில் மூடியதாகவும் இருக்கலாம். வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். நாலு மாடி ஏறியபோது மாமி கையில் பூட்டோடு நின்றாள்.

“என்ன மன்சூர் பாய், எதையாவது மறந்துட்டேளா?”

“குழாய் மூடியிருக்கான்னு…”

“மூடித்தானே இருக்கு!”

மறுநாளும் அதே போன், அதே பஸ், அதே மாடி.

“நேத்திக்கும் மூடித்தானே இருந்தது? உடம்புக்கு ஏதாவது பண்றதா?” என்ற மாமி, குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டாள். “கீழாத்துக்காரா இப்பத்தான் புதுசா மரத்தரை போட்டிருக்கா. சொட்டு விழுந்தா கத்துவா. பாத்துப் பண்ணுங்கோ.”

மரத்தரை! சோபாவாவது காயும். மரம் உப்பும். ஒவ்வொரு குழாயையும் இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டு வீடு வந்தேன். புதினாவும் வாங்கவில்லை.

“ஏட்டி, எதுக்குத் தினமும் போன் பண்ணிக் கேக்கே? முன்னாடியெல்லாம் கேக்க மாட்டியே?”

“முன்னாடி இன்சூரன்ஸ் இருக்குன்னு நீங்க நிம்மதியா இருந்தீங்க. நானும் நிம்மதியா இருந்தேன். இப்பத்தான் வேண்டாம்னுட்டீங்களே.”

“மூடிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டியா?”

“நான் நம்பத்தான் செய்யுதேன். நீங்கதான் திரும்பித் திரும்பிப் போறீங்களாம். மாமி போன் பண்ணிச்சு. பாவம், உங்களை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுது.”

வேலை இன்னும் பாக்கி. மாடி இன்னும் நாலுதான். முழங்கால் என்னுடையது.

“சரி, கட்டித் தொலைக்கேன். உன் தம்பியை வரச் சொல்லு.”

“நான் ஏன் சொல்லணும்? தொழில் உங்களோடது. நீங்களே கூப்பிடுங்க. கூப்பிடுறதுதான் கூப்பிடுறீங்க, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு சாப்பிட வரச் சொல்லுங்க. வெறுங்கையோடயா காரியம் கேப்பாங்க?”

கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு ஜீஷான் “ராங் நம்பர்” என்றான். நம்ப வைப்பதற்குள் வியர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தான். தலை நரைத்திருந்தது, பசி நரைக்கவில்லை. நஸீரா ஒரே சகனில் பிரியாணி வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிரியாணியும் பிரமாதம், அதை மறைக்கக் கூடாது. நடுவில் ஒரே ஒரு நல்லி எலும்பு. என் கை அதை நோக்கித்தான் போனது. மரத்தரை ஞாபகம் வந்தது. எடுத்து அவன் பக்கம் வைத்தேன்.

“மாப்ள, அந்தப் பாலிசியை மறுபடி கட்டணும்.”

“எதுக்கு மச்சான்? அதுதான் ஓடிட்டு இருக்கே. போன தடவையே நஸீரா லாத்தா தன்னோட தையல் காசையும் போட்டு ரெண்டு வருஷத்துக்குச் சேத்துக் கட்டிட்டாகளே. அடுத்த பெருநாளைத் தாண்டித்தான் முடியும்.”

நஸீராவைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஏட்டி, இதை ஏன் சொல்லல?”

“நீங்க கட்ட மாட்டேன்னுதானே சொன்னீங்க? எப்ப கட்டணும்னு கேக்கலியே.”

ஜீஷான் பக்கம் திரும்பினேன். நல்லி எலும்பு தட்டோரத்தில் டொக் டொக் என்றது.