தமாயெயின் இருபத்தாறு நிமிடம்

கியோசாகு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வாரம் விசில் கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. பூகம்பம் என்ன, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருமா?

ஜப்பானின் கோச்சி கடற்கரையில் அவரும் மனைவி தமாயெயும் மட்டும் வாழும் வீடு அது. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், வயது எழுபத்தாறு. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பூகம்பப் பயிற்சிக்கு விசில் ஊதுவார். தமாயெ மேஜைக்கு அடியில் நுழைந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்றதும் கேஸை மூடி, நிலை கோணிக் கதவு சிக்கிக்கொள்ளாதபடி வாசலைத் திறந்து வைத்து, ஷூவும் ஹெல்மெட்டும் மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு குன்றுக் கோயிலுக்கு ஏற வேண்டும். நூற்று நாற்பது படி. கடல் சுனாமியாகப் பதினைந்து நிமிடத்தில் தெருவுக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

தமாயெ எடுத்துக்கொள்வதோ இருபத்தாறு நிமிடம். நல்ல வெயிலடித்தால் இருபத்தைந்து. ஒருநாள் பாதிப் படியிலிருந்து ஊறுகாய்ச் சாடியை எடுக்கத் திரும்பிப் போனாள். "பதினோரு வருஷத்து ஊறுகாய்ங்க. அதைக் கடலுக்குத் தாரை வாக்கச் சொல்றீங்களா?"

போன ஞாயிறும் அதே கதைதான்.

"நீ செத்துட்ட, தமாயெ. பதினோரு நிமிஷத்துக்கு முன்னாடியே செத்துட்ட."

"அப்படியா? அப்ப மத்தியானச் சமையல் யாரு?"

"விளையாடாத. கடலுக்கு அடியில ஒரு பாறைத் தட்டு நம்ம தட்டுக்குக் கீழ சொருகிக்கிட்டே இருக்கு. நம்ம தட்டு வளைஞ்சு வளைஞ்சு, ஒருநாள் தாங்காம விசுக்குன்னு துள்ளும்."

"உங்க தட்டுல மீன் ஆறுது. அதை முதல்ல கவனிங்க."

கியோசாகுவுக்குச் சிரிப்பு வராது. ஒரே மகள் மினோரி கோபே நகரில் படித்தாள். அவளுக்கென்று ஓர் அலமாரி வாங்கி, தன் லாரியிலேயே ஏற்றிப்போய், விடுதியின் மரப்படிகளில் முதுகில் சுமந்து ஏற்றியவர் அவர்தான். ஜன்னல் பக்கம் குளிரும் என்று எதிர்ச்சுவரில் அலமாரியை நிறுத்தி, அதன் காலடியில் மகளின் படுக்கையைத் தன் கையால் விரித்தார். அந்த ஜனவரி, விடிவதற்கு முன் கோபே குலுங்கியது. அலமாரி சாய்ந்தது. மினோரிக்குப் பத்தொன்பது வயது.

அதன்பிறகு அவர் வீட்டில் எந்த அலமாரியும் தன் காலில் நிற்பதில்லை. எல்லாவற்றையும் இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்கிவிட்டார். கேட்காமலே போய் அண்டை வீட்டு அலமாரிகளையும் இறுக்கினார்.

புதன்கிழமை காலை. தமாயெ சமையலறையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். கியோசாகு நடைவழித் தட்டிக் கதவின் பின்னால் ஒளிந்து, கைபேசியில் பதிந்து வைத்திருந்த பூகம்ப எச்சரிக்கை ஒலியை அலறவிட்டார். இரண்டு கையாலும் தட்டிகளைப் பிடித்துக் குலுக்கினார். காலால் தரையை உதைத்தார். மாடத்திலிருந்த கண்ணாடிப் பூச்சாடி விழுந்து நொறுங்கியது; அது அவர் திட்டத்தில் இல்லை. தூசி கிளம்பி இருமல் வந்தது, அதுவும் இல்லை. பெரிய பூகம்பம் சீக்கிரம் நிற்காது என்பதால் முழுசாக ஒன்றரை நிமிடம் ஆட்டிவிட்டு, மூச்சிரைக்கச் சமையலறைக்குள் வந்தார்.

தமாயெ இல்லை.

மேஜைக்கடியில் இல்லை. குளியலறையில் இல்லை. கொல்லையில் பூனை மட்டும் தன் உடம்பை நக்கிக்கொண்டிருந்தது. "தமாயெ! சும்மாதான்! பொய்தான் தமாயெ!" பதில் இல்லை. பயந்து எங்காவது விழுந்துவிட்டாளோ? படுக்கையறைக்கு ஓடி, சுவரோடு கட்டிய அலமாரியைத் திறந்து, துணிகளை வாரி வெளியே போட்டுக் கூப்பிட்டார். வாயில் வந்த பெயர் தமாயெ அல்ல.

பிறகு எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. குன்றின் படி உச்சியை அடைந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது.

அங்கே கல்பெஞ்சில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள் தமாயெ.

"ஒன்பது நிமிஷம் நாப்பது செகண்ட்," என்றாள். "கேஸை மூடினேன். கதவைத் திறந்து வெச்சேன். ஆட்டம் நிக்கிறதுக்கு முன்னாடியே ஓடினது தப்புதான். ஆனா ஆடினது நீங்கதானே."

"தெ... தெரியுமா?"

"நெஜம்னா என் போனும் அலறியிருக்கும்ல? அதோட, பூகம்பம் இருமாதுங்க."

கியோசாகு தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப இத்தனை வருஷமும் நடிப்பா?"

"முதல் ரெண்டு வருஷம் நெஜமாவே மெதுவாத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன்?"

தமாயெ கடலைப் பார்த்தாள். "கோபேலேர்ந்து வந்து ஒன்பது மாசம் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தீங்க. கஞ்சி ஊட்டினா முழுங்குவீங்க, அவ்வளவுதான். ஒருநாள் எழுந்து உக்காந்து, 'தமாயெ, ஷூவைத் தலைமாட்டுல வெச்சுக்கோ'ன்னீங்க. நான் சமையல்கட்டுக்குப் போயி அழுதேன். நான் தேறிட்டா, உங்களுக்கு வேலையில்லாம மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிருவீங்களோன்னு பயம். அதான் தோத்துக்கிட்டே இருந்தேன்."

காற்று வீசியது. அவர் ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் ஏன் ஓடின?"

"ஒளிஞ்சு நின்னு கதவை ஆட்டுற அளவுக்குப் பயந்துட்டீங்களே. இவ பொழைச்சுக்குவான்னு ஒரு தடவையாவது உங்க கண்ணால பாக்கட்டும்னுதான்."

அவர் அழுதார். மகளுடைய அஸ்தியை வாங்கிய நாளில்கூட வராத அழுகை. தமாயெ தடுக்கவில்லை. தானும் கொஞ்சம் அழுதாள். அப்புறம்தான் அவர் பாதத்தைப் பார்த்தாள். வெறுங்கால். பூச்சாடிக் கண்ணாடி குத்தி ரத்தம் வழிந்திருந்தது. பையிலிருந்து சிறு இடுக்கியை எடுத்து ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கினாள்.

"இடுக்கி நான் எழுதின பட்டியல்லயே இல்லியே," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நான் வெச்சேன். பேசாம இருங்க."

அடுத்த ஞாயிறு பத்தரை மணி தாண்டியும் கியோசாகு காலில் கட்டோடு வாசலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். தமாயெ முன்னால் வந்து நின்றாள்.

"என்ன, இன்னிக்குப் பயிற்சி இல்லையா?"

"நீதான் தேறிட்டியே."

"நான் தேறிட்டேன். நீங்க? அரை மணிக்கு மேல ஆச்சு. ஷூ இல்ல, பை இல்ல, ஹெல்மெட் இல்ல. நீங்க செத்துட்டீங்க. ம், மேஜைக்கு அடியில போங்க."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை. முட்டி போட்டுத் தவழ்ந்து உள்ளே நுழைந்தார். இருட்டில் கையை நீட்டி, கிடைத்த காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மேஜைக் காலைங்க," என்றாள் தமாயெ. "என் காலை இல்ல."