நூறு குழியும் உன் பீரோவும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா, என் மாமாவான உன் அப்பா, நான் மூவரும் சுகம். புது வீட்டில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், பீரோ மாடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். பதினேழு நாளாக நீ போனை எடுக்கவில்லை. உன் அக்கா கூப்பிட்டாலும் பின்னால் நான் நிற்பேன் என்று சந்தேகப்பட்டு எடுப்பதில்லை. நான் நிற்கத்தான் செய்கிறேன். கடிதம் பாதியில் இணைப்பைத் துண்டிக்காது என்பதால் எழுதுகிறேன்.

நீ வீடு மாறிய சனிக்கிழமை மூன்று மணிக்கு டாண் என்று வந்து பீரோவுக்குத் தோள் கொடுப்பதாகச் சொன்னவன், அந்த நேரத்தில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்ததாக யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆசைப்பட்டு ஆடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த மைதானத்தில் நான் புல் வெட்டுகிறேன், தண்ணீர் விடுகிறேன், உரம் போடுகிறேன், ஒரு நாளும் மட்டையைத் தொட்டதில்லை. பிள்ளையை வளர்த்தவனுக்கு அதை அடிக்கிறவன்மேல் என்ன அபிப்பிராயம் இருக்குமோ, அதுதான் எனக்கு கோல்ஃப் ஆடுகிறவர்கள்மேல். அன்றைக்கு நம் கிளப்பின் பல் டாக்டர், சூரியன் உதித்ததிலிருந்து மறைவதற்குள் நூறு குழி ஆடி முடிப்பதாக ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியிருந்தார். இருப்பது பதினெட்டுக் குழி, அதையே சுற்றிச் சுற்றி ஆட வேண்டும். முடித்துவிட்டால் கையெழுத்துப் போட்டவர்கள் நன்கொடை தருவார்கள், அதில் பிசியோதெரபி சென்டருக்கு ஒரு வேன் வாங்குவார்கள், சக்கர நாற்காலியோடு ஆளை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வேன். எந்த சென்டர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாமாவை ஆட்டோவுக்குள் திணித்துக் கூட்டிப்போகிற அதே சென்டர்தான்.

டாக்டர் நன்றாகத்தான் ஆடினார். ஒன்றரை மணிக்கு எழுபத்தொன்றாவது குழியில் பந்தைப் போட்டுவிட்டு, எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆயிரம் தடவை மட்டையைச் சுழற்றியபோது சும்மா இருந்த இடுப்பு, ஒரு பந்தைப் பொறுக்கும்போது பிடித்துக்கொண்டது. நானும் கிளப் காவலாளியும் அவரைத் தூக்கி, குழிக்குக் குழி அவர் போய்க்கொண்டிருந்த பேட்டரி வண்டியின் பின்சீட்டில் கிடத்தினோம். பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருந்த பெயிண்ட் கடை முதலாளி நோட்டும் பேனாவுமாகக் காலையிலிருந்து கூடவே வந்துகொண்டிருந்தார். நூறு என்றால் நூறுதான், தொண்ணூற்றொன்பதுக்குக்கூடத் தரமாட்டேன், ஆனால் கிளப்பைச் சேர்ந்தவர் யார் வேண்டுமானாலும் மிச்சத்தை ஆடலாம் என்றார். அந்த வெயிலில் கிளப் உறுப்பினர் ஒருவரும் மைதானத்தில் இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு ஒரு பீரோ தூக்க வேண்டும் என்று நான் சொன்னேன் மச்சான், சத்தியமாகச் சொன்னேன், போன் சார்ஜ் போட்டது ஷெட்டில், ஷெட் மைதானத்தின் மறுகோடியில்.

இருபத்தொன்பது குழியையும் உருட்டியே ஆடினேன். பந்தைத் தூரமாக அடிக்கிற இரும்பு மட்டைகள் ஒவ்வொரு அடிக்கும் புல்லைப் பெயர்த்தெடுக்கும், என் கையால் அது முடியாது. குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு மெதுவாகத் தட்டுவதற்கென்று தட்டையாக ஒரு மட்டை உண்டு, அதையே வைத்து முதலிலிருந்து கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். வீடு பெருக்குகிற மாதிரி இருக்கிறதே என்றார் முதலாளி. பெருக்குகிறவனுக்குத்தான் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும், அதனால் எப்படியோ பந்து குழிக்குக் குழி விழுந்துகொண்டே வந்தது.

தொண்ணூற்றொன்பதாவதில் பந்து கயிற்றுக்கு அடியில் புகுந்து என் புதுப்புல்லுக்குள் போய்விட்டது. ஏழு மாதமாக நானே விதைத்து, களை பிடுங்கி, கயிறு கட்டி, கிளப் செயலாளரைக்கூட மிதிக்கவிடாமல் வைத்திருந்த இடம். பந்து அதில் பாதி புதைந்து கிடந்தது, தட்டை மட்டையால் நாலு தரம் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சூரியன் மர உச்சிக்கு வந்துவிட்டது. நான் கையால் எடுக்கக் குனிந்தேன்.

"கையில எடுத்தா இந்தக் குழி கணக்குல வராதுங்க," என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் வண்டியில் படுத்தபடியே ஓர் இரும்பு மட்டையை நீட்டினார். ஆட்டோவில் ஏற்றும்போது மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாரே, அது ஞாபகம் வந்தது. கூச்சம் தாங்காமல்தான் மூடுகிறார் என்று நினைத்து நினைத்து நான் வருந்தியிருக்கிறேன். அடித்தேன். பந்தோடு கைக்குட்டை அகலத்துக்குப் புல்லும் மண்ணும் பறந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நூறாவது குழியில் பந்து விழுந்தபோது சூரியனில் ஒரு நகக்கீற்று மிச்சம் இருந்தது, முதலாளி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை, புதுப்புல்லைச் சேதப்படுத்தியது யார் என்று விளக்கம் கேட்டுச் செயலாளர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், நானே விசாரித்து நானே பதில் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவுதான் நடந்தது. வேன் வரும் புதன்கிழமை வருகிறது. இனிமேல் மாமாவை நாம் தூக்க வேண்டியதில்லை, என்மேல் இருக்கும் கோபத்தை விடாமலே நீ வீட்டில் இருக்கலாம். நீ வராததால் உன் பக்கம் பிடிக்க இத்தனை நாள் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவருக்கும் விடுதலை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், அதற்குள் புதன்கிழமையும் வந்துவிட்டது, வேனும் வந்துவிட்டது. வாசலில் நாற்காலி ஏறுகிற சாய்வுப் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு டிரைவர் அரைமணி நேரம் நின்றார். மாமா ஏறமாட்டேன் என்றுவிட்டார். உன் அக்கா கெஞ்சினாள், நான் புல்லைப் பற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "வேன் வந்துட்டா அவன் எதுக்கு மாப்ளே வரப்போறான்? தூக்கத்தானே வந்துட்டிருந்தான்."

வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் உன்னுடையது.