மைதான வாசலில் ஒரு கிலோ பால்கோவா

செலவைக் குறைக்கும் விஷயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு நிகர் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. அப்பேர்ப்பட்ட நான்தான் சென்னையில் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே, சட்டைப்பையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, நடைபாதையில் உட்கார்ந்து பால்கோவா தின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், என் திட்டத்தில் தவறே இல்லை. (வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

என் மனைவி செல்வி ராஜபாளையத்துக்காரி. கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் ஓர் இடது கை ஆட்டக்காரர் மேல் அவளுக்குத் தனிப் பாசம். அவரைத் 'தம்பி' என்றுதான் சொல்வாள். (சொந்தத் தம்பி போன் செய்தால் ஓவர் முடிந்த பிறகுதான் எடுப்பாள்.) "ஒரு நாள் தம்பிய நேர்ல காட்டுறேன்" என்று கல்யாணமான புதிதில் வாய் தவறி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விசாரித்தபோது டிக்கெட் விலை அதிகமாகப் பட்டது. "வெங்காயம் மாதிரிதான் செல்வி. அடுத்த வருசம் இறங்கிரும்" என்றேன். அடுத்த வருஷம் ஏறியது. அதற்கடுத்த வருஷம் இன்னும் ஏறியது. இதற்குள் மகள் பவித்ரா பிறந்து, வளர்ந்து, எட்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். ஆக இரண்டு டிக்கெட் மூன்றானது. அன்று நான் அதிகம் என்று விட்ட விலைக்கு இன்று மைதானத்துக்குள் பாப்கார்னும் கூல்டிரிங்க்ஸும்தான் கிடைக்கும் என்றார்கள் நான் வேலை பார்க்கும் மில்லில்.

அந்த சமயத்தில்தான் இந்த சீசனோடு தம்பி ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. செல்வி டிவியை அணைத்துவிட்டு, "பரவால்ல விடுங்க. இதுலயே பாத்துக்கிடுறேன்" என்றாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் என்னவோ செய்தது. மறுநாளே மூன்று டிக்கெட் எடுத்தேன்.

டிக்கெட்டில் போனதை மற்றதில் பிடிக்க வேண்டும் அல்லவா? தங்குவதற்கு வேளச்சேரியில் செல்வியின் அக்கா வீடு. எங்கள் ஊர்க்காரன் சென்னைக்குப் பால்கோவா இல்லாமல் ரயில் ஏறினால் டிக்கெட் பரிசோதகரே சந்தேகமாகப் பார்ப்பார். ஒரு கிலோ வாங்கிப் போனேன். சகலை டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, ஆசையாக மோந்து பார்த்துவிட்டு, அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சகலை. எனக்கும் சுகர், இவளுக்கும் சுகர். வீட்ல இருந்தா எடுத்துத் தின்னுருவோம்."

அந்த நிமிடம் என் மூளையில் பல்பு எரிந்தது. மைதானத்துக்குள் ஏன் காசு கொடுத்துத் தின்ன வேண்டும்? கையிலேயே ஒரு கிலோ இருக்கிறதே!

"உள்ள விட மாட்டாங்க" என்றாள் செல்வி.

"இது என்ன வெடிகுண்டா? பால்கோவா! நான் பேசிக்கிடுறேன், நீ வா" என்றேன்.

வாசலில் சோதனை போட்ட பெண் போலீஸ் டப்பாவைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள். "ஸ்ரீவில்லிபுத்தூராண்ணே? எனக்குப் பக்கத்துல மம்சாபுரம்!"

நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையில் எவ்வளவு கர்வம் இருந்தது என்று பவித்ரா இப்போதும் நடித்துக் காட்டுகிறாள்.

"ஆனா உள்ள விட முடியாதுண்ணே. அந்தா இருக்கு பாருங்க தொட்டி, அதுல போட்டுட்டுப் போங்க."

"குப்பைத் தொட்டியிலயா? மம்சாபுரத்துல பொறந்துட்டு நீயாம்மா இதச் சொல்லுத?"

"எனக்கும் மனசு கேக்கலண்ணே. நானும் டூட்டியில கை நீட்டி வாங்க முடியாது. பேசாம ஓரமா உக்காந்து தின்னுட்டு வாங்க."

நியாயமான யோசனை. நடைபாதையில் டப்பாவை வைத்து, "மூணு பேரு இருக்கோம், செத்த நேரத்துல முடிச்சிரலாம்" என்று தைரியம் சொன்னேன். பவித்ரா இரண்டு விள்ளல் தின்றுவிட்டுத் திகட்டுகிறது என்றாள். செல்வி தொடவே இல்லை. அவள் காது மைதானத்தின் பக்கமே இருந்தது. திடீரென்று உள்ளே பெரும் கூச்சல்.

"தம்பி எறங்கிட்டாரு" என்றாள். எழுந்து நின்று கையை நீட்டினாள். "டிக்கெட்டக் குடுங்க."

"இன்னும் முக்கால் கிலோ இருக்கே..."

"நீங்க இருந்து தின்னுட்டு வாங்க."

இரண்டு டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு மகளோடு ஓடியே போய்விட்டாள்.

தானம் செய்து பார்த்தேன். "எதுக்கு சார் ப்ரீயா தர்றீங்க?" என்று ஓர் இளைஞன் இரண்டடி தள்ளிப் போனான். இன்னோர் அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். கொடி விற்றவர் மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். மீதி என் தலையில். தின்றேன். உள்ளே ஒவ்வொரு கூச்சலுக்கும் ஒரு விள்ளல்.

போன் அடித்தது. மில்லில் கூட வேலை பார்க்கும் முருகேசன்.

"ஏலே, டிவியில ஒன் வீட்டம்மாவும் மவளும் வாராவ! தங்கச்சி அழுதுக்கிட்டே சிரிக்கா. பக்கத்து சீட்டு காலியா கெடக்கு. நீ எங்கலே போன?"

பால்கோவா தின்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "பாத்ரூம்ல இருக்கேன்" என்றேன்.

செத்த நேரத்தில் மறுபடி அழைத்தான். "இன்னும் சீட்டு காலியா இருக்கே. ஒடம்புக்கு ஏதும் முடியலையாலே?" பின்னால் மில் கேன்டீனே சிரிப்பது கேட்டது.

டப்பா காலியாகி நான் உள்ளே போனபோது தம்பி அவுட்டாகி வெளியேறியிருந்தார். திகட்டல் தாங்காமல் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகும் வாங்கினேன். பிறகும் வாங்கினேன். நான் மிச்சம் பிடித்ததெல்லாம் மைதானத் தண்ணீரிலேயே கரைந்தது. அதோடு முருகேசனிடம் சொன்ன பொய்யும் உண்மையானது. மீதி ஆட்டத்தில் பெரும்பகுதியை நான் பாத்ரூம் வரிசையில்தான் கழித்தேன்.

"நல்லா ஆடுனாரா?" என்று செல்வியைக் கேட்டேன். கத்திக் கத்தி அவளுக்குக் குரலே போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது. தம்பி ஆடியதைப் பார்க்காததில் எனக்கு வருத்தமில்லை. அத்தனை வருஷம் இழுத்தடித்து, அவளை அங்கே கூட்டிப்போனேன். அந்த நேரத்தில் அவள் முகத்தை ஊரே பார்த்தது, நான் பார்க்கவில்லை. அதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை.

தம்பி ஓய்வு பெற்ற பிறகும் செல்விக்குக் கிரிக்கெட் ஆசை விடவில்லை. இந்த வருஷமும் டிக்கெட் விலை ஏறியிருக்கிறது. போன வாரம் பவித்ரா செய்தியை வாசித்துக் காட்டியபோது, "எம்புட்டா இருந்தா என்ன, மூணு பேரும் போறோம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு எதுக்குப்பா வீணா?" என்றாள் மகள். "அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட். ஒங்களுக்கு ஒரு கிலோ பால்கோவா."