மணல் தும்மிய வண்டி

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: ஜோசப் சார். அவர் மனைவி டீச்சரம்மா. டீக்கடை சரளா அக்கா. நான். எட்டு சிலிண்டர் வைத்த ஒரு பழைய அமெரிக்கக் கார். அப்புறம் சைலன்சர் பாய்.

பாய் இருந்ததுதான் அதிசயம். சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் அந்த மனிதர் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனை மெக்கானிக் உண்டோ அத்தனை பேரும் வாக்குத் தவறுகிறவர்கள்தான். நானும்தான். ஆனால் எங்களுக்கெல்லாம் பாய் தலைவர். அவர் "நாளைக்கு" என்றால் இந்த வாரம் இல்லை. "அடுத்த வாரம்" என்றால் வண்டியை மறந்துவிட்டு பஸ் பாஸ் எடுத்துக்கொள்ளலாம்.

கிழக்குத் தாம்பரத்தில் அவர் ஷெட். சைலன்சர் ஒட்டுவது, புகைக்குழாய் வளைப்பது, அது மட்டும்தான் வேலை. பக்கத்தில் என் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. என்னை அவர் 'வயரு' என்றார். அதோடு சரி.

இரண்டு கையிலும் முழங்கை வரை சூட்டுத் தழும்பு. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். "இது அம்பாசிடர். இது ஒரு ஸ்கூல் வேன். இது என் கல்யாணத்துக்கு முந்தின நாளு." சரளா அக்கா ஒன்றைத் தொட்டு, "இது இன்னா பாய்?" என்றது. "அது உன் டீ" என்றார்.

பைக் பையன்கள் சத்தம் பத்தவில்லை என்று வருவார்கள். "பொளந்து வுட்டுடலாம் தம்பி" என்று வாங்கி வைப்பார். உள்ளே என்னத்தையோ அடைத்து, முன்னைவிடச் சத்தம் குறைத்துத் திருப்பித் தருவார். பையன் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், வண்டி ஆன்லதான் கீதா?" என்பான். "சத்தம் வோணும்னா மண்டபத்துல போயி மைக்கப் புடி" என்பார். அப்படியும் அவரிடமே வந்தார்கள்.

பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். ஒரு எழுத்து தெரியாது. பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவார். அதனால் திருநீர்மலைக்குக் கிளம்பி வேளச்சேரியில் இறங்கிய கதை அவரிடம் மூன்று உண்டு.

இனி அந்தக் கார். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை ஜோசப் சார் வாங்கினார். அவர் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரும் மகன் ராபினும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பிரிப்பார்கள், பூட்டுவார்கள். ராபினுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே போய் அவன் வண்டிக்காக ஒன்று வாங்கினான். ஹெட்டர் என்பார்கள். எஞ்சினிலிருந்து புகை வெளியேற ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். அந்தப் பக்கம் நான்கு, இந்தப் பக்கம் நான்கு. பெட்டி கட்டிக் கப்பலில் போட்டான்.

மூன்றாம் வாரம் அங்கே ரோட்டில் ஒரு லாரி மோதிப் போய்விட்டான்.

உடம்பு விமானத்தில் வந்தது. பெட்டி இரண்டு மாதம் கழித்து வந்தது.

பெட்டியை ஜோசப் சார் பாய் ஷெட்டில் வைத்துத்தான் பிரித்தார். நான் ஆணி பிடுங்கினேன். பெயிண்ட் அடிக்காத வெறும் இரும்புக் குழாய்கள். அதன்மேல் கறுப்பு மைப் பேனாவால் ராபின் எழுதியிருந்தான். எட்டுக் குழாயிலும் நம்பர். மூன்றில் தமிழில் எழுத்து. ஜோசப் சார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"அப்பா, இதை முதல்ல மாட்டுங்க."

"இதை சுத்தியால அடிக்க விடாதீங்க."

கடைசிக் குழாயில்: "இந்த பிளக்குக்கு ஸ்பேனர் போகாது. டிசம்பர்ல நான் வந்து பாத்துக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "மாட்டிடுங்க பாய். அவன் சொன்ன மாதிரியே மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

பாய் குழாயைத் தொடவில்லை. முதலில் கையைக் கழுவினார். அவர் வேலைக்கு முன்னால் கை கழுவி நான் அன்றுதான் பார்த்தேன்.

"டேய் வயரு. எஞ்சின் ஓடிச்சின்னா கொயா எவ்ளோ சூடாவும்?"

"கை வச்சா தோல் உரியும்."

"மை?"

முதல் தடவை கிளப்பியதும் மை பொரிந்து போய்விடும். இரண்டு நிமிஷம் தாங்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீ சொல்லு சார்கிட்ட."

"வேலை உங்களுது பாய். நீங்க சொல்லுங்க."

"நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சவன்."

"அதுல இது இல்ல."

இரண்டு பேரும் சொல்லவில்லை. பாய் தனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தார். நாள் கடத்துவது.

அதற்கு அந்த வண்டியும் ஒத்துழைத்தது. அது அமெரிக்காவில் இடது பக்கம் ஸ்டியரிங் வைத்துச் செய்தது. இங்கே எவனோ வலது பக்கம் மாற்றியிருந்தான். குழாய் போக வேண்டிய இடத்தில் ஸ்டியரிங் கம்பி நின்றது. வேறு ஆளாக இருந்தால் குழாயைச் சூடு காட்டி, சுத்தியலால் நாலு சாத்து சாத்தி ஒடுக்கிவிட்டுப் போயிருப்பான். பாய் மாட்டேன் என்றார். குழாய்க்காக ஸ்டியரிங்கை நகர்த்தினார். ஒரு பழைய ஜீப்பின் இணைப்பைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, கம்பியைக் குழாயைச் சுற்றிக்கொண்டு போகச் செய்தார். அதற்கு ஒரு மாதம்.

அப்புறம் பிளக். ராபின் எழுதியது சரிதான். ஸ்பேனர் போகவில்லை. பாய் ஸ்பேனரை வெட்டினார், வளைத்தார், வெட்டியதை ஒட்டினார், ஒட்டியதை வளைத்தார். ஆறு ஸ்பேனர் போயிற்று. ஆறில் நான்கு என்னுடையவை. கடைசியில் கொக்கி மாதிரி ஒன்று செய்தார். அது போயிற்று. மூன்று வாரம்.

அப்புறம் செல்ஃப் மோட்டார். குழாய் அதை உரசிக்கொண்டு போகிறது, சூட்டில் மோட்டார் திணறும், தகரம் அடித்து மறைக்க வேண்டும் என்றார்.

"பாய், வண்டி இன்னும் ஓடவே இல்ல. ஓடாத வண்டிக்கு ஜுரம் பாக்கறீங்க" என்றேன்.

"வர்ற ஜுரம்டா அது."

பிஸ்கட் டின்னை வெட்டித் தகரம் அடித்தார். அது பிடிக்கவில்லை என்று வேறு டின். சரளா அக்கா கடையில் பிஸ்கட்டெல்லாம் பிளாஸ்டிக் கவருக்கு மாறியது.

"இன்னும் ஒரு டின்னு தூக்குனீங்க, உங்களுக்கு டீ கெடையாது" என்றது அக்கா.

"உன் டீயக் குடுக்காட்டி இன்னும் நாலு வருசம் இருப்பேன்."

குழாய் மூட்டில் வைக்கிற பேக்கிங் அட்டை வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனார். காலையில் போனவர் சாயங்காலம் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தார். "அட்டை சரியில்ல" என்றார். பழம் நன்றாக இருந்தது.

ஜோசப் சார் தினமும் நாலு மணிக்கு வருவார். கவிழ்த்த பெயிண்ட் டின்மேல் உட்காருவார். "என்ன பாய், ஆச்சா?" என்பார். "நாளைக்கு சார்" என்பார் பாய். "சரி" என்பார். இவ்வளவுதான் பேச்சு. மற்ற எந்தக் கஸ்டமரும் அவ்வளவு நல்லவனாக இருந்ததில்லை.

நவம்பர் மழையில் பாய் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். குழாய்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஷெட் ஒழுகுகிறது, துருப்பிடிக்கும் என்றார். மொபெட்டில் பின்னால் கட்டிக்கொண்டு போவார். நான்கு கால் இந்தப் பக்கம், நான்கு கால் அந்தப் பக்கம். சானடோரியம் சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார்.

"இன்னாய்யா இது?"

"நாயனம் சார். எட்டுப் பேரு சேந்து வாசிக்கறது."

"வாசி பாக்கலாம்."

"மத்த ஏழு பேரும் பஸ்ஸுல வராங்க சார்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டாராம். பாய் எங்களிடம் சிரிக்காமல் சொன்னார்.

டிசம்பர் பிறந்தது. முதல் வாரம் போனது. ஜோசப் சார் டின்மேல் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"ஆச்சா பாய்?"

"அடுத்த வாரம் சார்."

"அவன் டிசம்பர்ல வர்றேன்னு எழுதியிருக்கான். இந்த மாசம் வண்டி ஓடணும்."

"சார், பேக்கிங் இன்னும்..."

"உனக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்யா."

பாய்க்குப் பிள்ளை கிடையாது. தெருவுக்கே தெரியும். ஜோசப் சாருக்கும் தெரியும். சொன்ன பிறகு சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாய் தரையில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து டப்பாவில் போட்டார்.

"வெள்ளிக்கெயமை சார். தொய்து முடிச்சினு வந்துர்றேன். ரெண்டு மணி. அம்மாவையும் கூட்டினு வாங்க."

நாங்கள் யாரும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கே நான் எட்டிப் பார்த்தேன். பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வண்டிக்கடியில் கிடந்தார். குழாய்களைக் காலையிலேயே தனியாக மாட்டியிருந்தார். மேலே பழைய லுங்கியைப் போட்டு மூடியிருந்தார்.

"தொறந்து வுடாத. பிளக் வயர மட்டும் சொருவு" என்றார். லுங்கிக்கு அடியில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்ட மாதிரி எட்டு வயரையும் சொருகினேன்.

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பாய் லுங்கியை உருவிக்கொண்டு பானெட்டைச் சாத்தினார். ஜோசப் சார் சாவியைப் போட்டார். முதல் சுற்றில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வண்டி ஒரு தும்மல் தும்மியது. பின்பக்கக் குழாயிலிருந்து ஒரு சேர் மணல் பறந்து சரளா அக்காவின் புடவையில் போய் விழுந்தது. அப்புறம் ஓட ஆரம்பித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அக்கா திட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

ஐந்து நிமிஷம் ஓடியது. பொரிந்த மை நாற்றம் வந்தது. நான் தரையைப் பார்த்தேன். ஜோசப் சார் எஞ்சினை நிறுத்தினார்.

"கொழாய்க்குள்ள ஏது பாய் மணல்?"

பாய் பானெட்டைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்.

குழாய்கள் நீலம் பாரித்திருந்தன. மை ஒரு பொட்டும் இல்லை. மை இருந்த இடத்தில் புள்ளிகள். உளியின் கூர்முனையால் குத்திய, கடுகு அளவுப் புள்ளிகள். ஒன்றையொன்று தொடாமல், எழுத்தின் மேலேயே போயிருந்தன. வீட்டில் வைத்து, குழாய் ஒடுங்காமலிருக்க உள்ளே ஆற்று மணலை இறுக்கி அடைத்துக் குத்தியிருக்கிறார். அதில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது.

டீச்சரம்மா குனிந்து பார்த்தார்கள். 'டிசம்பர்ல' என்ற இடத்தில் ராபின் போடுகிற கோணல் 'ட' அப்படியே இருந்தது. எழுத்து தெரிந்தவன் குத்தியிருந்தால் அதை நிமிர்த்தியிருப்பான். பாய்க்கு எது எழுத்து, எது கிறுக்கல் என்று தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் குத்தியிருந்தார். ஒரு குழாயில் ராபின் ஆறு என்று தப்பாக எழுதி அடித்துவிட்டு ஐந்து என்று போட்டிருந்தான். அந்த ஆறு இருந்தது. அதன்மேல் போட்ட அடியும் இருந்தது. இன்னொன்றில் நான்கைந்து வளையம், சுருள் சுருளாக.

"இது என்னம்மா எழுதிக்கீது? இதுக்குத்தான் ரெண்டு நாளாச்சு" என்றார் பாய்.

டீச்சரம்மா அதை விரலால் தொட்டார்கள். குழாய் சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருக்கான்" என்றார்கள். "சின்னதிலிருந்தே இப்படித்தான்."

அப்போதுதான் அழுதார்கள். மகன் அடக்கத்தன்றுகூட அழவில்லை என்று பிறகு ஜோசப் சார் சொன்னார்.

இரண்டாவது குழாயில் நீளமாக ஒரு கோடு. அதையும் சிரத்தையாகக் குத்தியிருந்தார். அது ராபின் எழுதியது இல்லை. பெட்டி பிரித்த அன்று என் கட்டைவிரல் கிரீஸ் பட்ட இடம். நான் சொல்லவில்லை.

ஜோசப் சார் பாய் பக்கம் வந்தார்.

"மை போயிடும்னு எனக்குத் தெரியும் பாய். முப்பது வருஷம் லோகோ ஷெட்ல இருந்தவன். சூட்டுல என்ன நிக்கும், என்ன நிக்காதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுமா சார் தெனம் வந்து ஆச்சா ஆச்சான்னு கேட்டே?"

"நீ நாளைக்குன்னு சொல்லுவேன்னுதான் வந்தேன்."

பாய் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "பேஜார்பா உன்னோட" என்றார். இந்தத் தடவை 'சார்' போடவில்லை. "அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன்" என்றார் ஜோசப் சார். "ஸ்டியரிங்கத் திருப்பிப் பாரு, எங்கனா இடிக்குதான்னு" என்றார் பாய். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தது. புடவையில் மணல் அப்படியே இருந்தது.

மூன்று வருஷம் கழித்து பாய் மாரடைப்பில் போய்விட்டார். ஷெட்டை வேறு ஆள் எடுத்துக்கொண்டான். வேலை சுத்தமாகச் செய்கிறான். சொன்ன நாளில் கொடுக்கிறான்.

கார் சேலையூரில் ஜோசப் சார் வீட்டு வாசலில் நிற்கிறது. அவருக்கு இப்போது கண் சரியில்லை. டீச்சரம்மா போன் போட்டால் நான் போய்க் கிளப்பி, பிளக்கைத் துடைத்து வைத்துவிட்டு வருவேன். போன மாதம் போனபோது வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பானெட் திறந்திருந்தது. கிளம்ப மனசில்லை. எட்டுக் குழாயிலும் புள்ளிகளை எண்ணினேன். என் விரல் கோட்டையும் சேர்த்து இரண்டு தடவை எண்ணினேன்.

ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு.