அலெஸ்ஸாந்த்ரோ என்ற காட்டெருமைக் கன்று

ஒரு காட்டில் தண்ணீருக்கு ஒரே ஒரு குட்டைதான் இருந்தது, அதுவும் கோடையில் வற்றிவிடும். ஆனால் குழந்தைப் பெயர் ஆலோசனை மையம் மட்டும் தவறாமல் இருந்தது. நடத்தியது ஒரு காக்கை. டவுனில் பீட்சா கடைக் கூரையில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்ததாம். வேறென்ன தகுதி வேண்டும்?

அந்தக் காட்டில் செங்கொம்பி என்ற காட்டெருமை தலைச்சனாக ஆண் கன்று ஈன்றது. "எங்கப்பா பேரையே வச்சிடலாம். கருப்பண்ணன்," என்றது கணவன் மொட்டையன்.

"கருப்பண்ணனா! நாளைக்கு நாலு மிருகம் மதிக்க வேண்டாமா?" என்று முறைத்துவிட்டு, செங்கொம்பி டோக்கன் வாங்கி வரிசையில் நின்றது. மொட்டையனும் பின்னாலேயே போய் நின்றது. பாவம், போகாமல் இருக்க முடியுமா?

காக்கை படிவத்தை எடுத்தது. "பையன் பெரியவனாகி எங்கே போவான்?"

"குட்டைக்குப் போவான். அப்புறம் புல் மேயப் போவான்," என்றது மொட்டையன்.

"இத்தாலின்னு எழுதிக்கறேன்," என்றது காக்கை. "பேரு அலெஸ்ஸாந்த்ரோ. இந்தக் காட்டிலேயே யாருக்கும் இல்லை."

"உங்களுக்கு நாங்க என்ன தரணும்?" என்று செங்கொம்பி கேட்டது.

"ஒண்ணும் வேண்டாம்மா. மிச்சம் மீதி கிடைச்சா தின்னுட்டுக் காலத்தை ஓட்டறவன் நான்."

எவ்வளவு நல்ல மனசு என்று செங்கொம்பி உருகிப்போனது.

பெயர் சூட்டும் நாளில் அத்தைக்காரிதான் கன்றின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அது மந்தையின் வழக்கம். மொட்டையனின் அக்கா வெள்ளைக்காலி வந்து, "அலெ..." என்று இழுத்தது.

"ஸ்ஸை நல்லா அழுத்துங்க அண்ணி. இது கூட வராதா?" என்றது செங்கொம்பி, அத்தனை பேர் முன்னாலும்.

வெள்ளைக்காலிக்கு முகம் சுண்டிப்போனது. போடி நீயும் உன் ஸ்ஸும் என்று நினைத்துக்கொண்டு, கன்றின் காதுக்குள் மெதுவாக, "கருப்பா, கருப்பா, கருப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் மந்தையில் யார் அந்தக் கன்றைக் கூப்பிட்டாலும் செங்கொம்பி திருத்தியது. எதற்கு வம்பு என்று எல்லோரும் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காலி மட்டும், செங்கொம்பி இல்லாத நேரம் பார்த்து, "டேய் கருப்பா" என்று கூப்பிட்டு நக்கிக்கொடுக்கும். கன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். அம்மா கூப்பிட்டால் மட்டும், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு நாள் மத்தியானம் செந்நாய்கள் வந்தன. பெரியவர்கள் கொம்பை வெளிப்பக்கம் நீட்டி வட்டமாக நின்று, தங்கள் கன்றுகளைக் கூப்பிட்டார்கள். "மூக்கா! புள்ளி! சின்னக்குளம்பு!" எல்லாம் ஒரே ஓட்டமாக உள்ளே வந்துவிட்டன. ஒரே ஒரு கன்று மட்டும் தூரத்தில் ஒரு பட்டாம்பூச்சியை மோந்துகொண்டு நின்றது.

"அலெஸ்ஸாந்த்ரோ!" என்று செங்கொம்பி கத்தியது. உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. கன்று திரும்பவே இல்லை.

வெள்ளைக்காலி கழுத்தை நீட்டிக் கத்தியது. "டேய் கருப்பா! வாடா என் ராஜா!"

கன்று சட்டென்று திரும்பி ஓடிவந்தது. இன்னும் பத்தே அடிதான்.

"யாரைக் கருப்பாங்கறீங்க? செந்நாய் முன்னாடியா என் மானத்தை வாங்கணும்?" என்று செங்கொம்பி வழியை மறித்துக்கொண்டு நின்றது. "நில்லுடா! அது உன் பேர் இல்லை!"

அம்மா போட்ட அதட்டலில் கன்று நின்றுவிட்டது. அத்தையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. அதற்குமேல் பார்க்கச் செந்நாய்கள் விடவில்லை.

சாயங்காலம் மந்தையே துக்கம் விசாரிக்க வந்தது. "ஐயோ, எங்க அலசாந்திரு!" என்று ஒரு கிழட்டு எருமை ஒப்பாரி வைத்தது.

"அலெஸ்ஸாந்த்ரோ," என்று விக்கலுக்கு நடுவிலும் திருத்தியது செங்கொம்பி. மொட்டையன் மண்ணை முட்டி முட்டி அழுதது.

கடைசியாகக் காக்கை வந்தது. அலகை ஒரு கல்லில் துடைத்துக்கொண்டு, "அலெஸ்ஸாந்த்ரோ போயிட்டானா?" என்றது, ஒரு எழுத்துப் பிசகாமல்.

செங்கொம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "பாத்தீங்களா? ஒருத்தராவது சரியாச் சொன்னாங்களே!"

மறுநாள் காலையில் மையத்தின் வாசலில் வரிசை குட்டை வரைக்கும் நின்றது.

நீதி: பிள்ளை போனால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம், உச்சரிப்பு போனால் போனதுதான்.