பச்சை மெத்தை நாற்காலிக்கு ஒரு சாட்சி

ஒரு பொருள் தன்னுடையது என்று நம்பும் உரிமை எல்லாருக்கும் உண்டு. அந்த நம்பிக்கையைக் காப்பீட்டு அலுவலகமும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பேராசை.

வீட்டில் தீப்பிடித்துத் தையல் இயந்திரத்தை இழந்த தையற்காரிக்கு அந்தப் பேராசை இருந்தது. இயந்திரம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே எஞ்சிய கரிக்கட்டையைச் சாக்கில் சுற்றி, நாத்தனாரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, இழப்பீட்டு அதிகாரியின் அறைக்குத் தூக்கிச் சென்றார். அதிகாரி இல்லை, அவருடைய நாற்காலி மட்டும் இருந்தது. பல முறை அந்த நாற்காலியைத் தரிசித்த பின்னர் ஒருநாள் அதிகாரியும் அகப்பட்டார்.

"இது ஒரு இயந்திரம்கிறதை ஏத்துக்கறோம். உங்களோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"என் வீட்ல இருந்துச்சு சார்."

"என் வீட்ல பல்லிகூடத்தான் இருக்கு. என்னோடதா அது?"

தையற்காரி புகைப்படம் ஒன்றை நீட்டினார். அதில் அவர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"யாரோட உச்சந்தலைம்மா இது? நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?"

"நிமிர்ந்தா ஊசி விரல்ல இறங்கிடும் சார்."

"விரல் இதுல வராது. அது வேற பிரிவு."

செய்தி தெருவெங்கும் பரவியது. மக்கள் விழித்துக்கொண்டனர். பாத்திரங்களை அணைத்தபடி படமெடுத்துக்கொள்வது நாகரிகமாயிற்று. ஒருவர் குளிர்பதனப் பெட்டியோடு மனைவியையும் நிறுத்தி எடுத்துவிட்டு, இதில் எதற்கு எது சான்று என்று மனைவி கேட்டதும் பெட்டியை மட்டும் இன்னொரு படம் எடுத்தார்.

இந்நிலையில் மின்கசிவால் அதிகாரியின் அறையும் எரிந்தது. நாற்காலி சாம்பலாயிற்று. அவர் புது நாற்காலி கேட்டபோது, தலைமையகம் அவருடைய நெறியையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தது: நாற்காலி இருந்ததையும், அதில் தாம் அமர்ந்து பணியாற்றியதையும் மெய்ப்பிக்க வேண்டும், தவறினால் இதுவரை வாங்கிய சம்பளம் திரும்பப் பெறப்படும்.

அதிகாரி தையற்காரியின் வீடு தேடி வந்தார்.

"நீங்கதாம்மா அடிக்கடி வந்தவங்க. நாற்காலியைப் பார்த்திருக்கீங்கதானே?"

"நல்லாப் பார்த்திருக்கேன் சார். பச்சை மெத்தை. இடது கைப்பிடி ஆடும். பார்க்கவிடாம மறைக்கத்தான் யாருமே இல்லையே."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "தினமும் நான் அதுல உட்கார்ந்து வேலை பார்த்தேன்னும் சொல்லணும். உங்க விஷயத்தை நான் பார்த்துக்கறேன்."

நாத்தனார் காதோரம் குனிந்தாள். "அண்ணி, இத்தனை நாளா உண்மையைத்தானே சுமந்துக்கிட்டுப் போனோம். தோள் வலிச்சதுதான் மிச்சம்."

தையற்காரி கையொப்பமிட்டார். மறுநாளே இழப்பீடு வந்தது. புது இயந்திரமும் வந்தது. அதிகாரிக்கு, இருக்கையை விட்டு அகலாமல் ஆற்றிய அரும்பணிக்காகப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. ஆதாரம், தையற்காரியின் சாட்சியம்.

தெருவில் இப்போது யாரும் பாத்திரங்களை அணைத்து நிற்பதில்லை. எதை மெய்ப்பிக்க வேண்டுமானாலும் தையற்காரியை அழைத்துப் போகிறார்கள். அவருடைய சொல்லுக்கு அலுவலகத்தில் அவ்வளவு மதிப்பு.

ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள்தாம் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இயந்திரம் இருக்கிறது. அதன் முன்னே முக்காலியும் இருக்கிறது.

"அண்ணி இப்பதான் வெளிய போனாங்க. நாளைக்கு வாங்க" என்கிறாள் நாத்தனார்.