ஆறு டிராயர், ஆறு தட்டு

காது கேட்காதவனுக்கு மிஷின் வாங்கலாம். கேட்டும் விளங்காதவனுக்கு எந்தக் கடையிலும் ஒன்றும் கிடையாது. நான் ரெண்டாவது ரகம்.

அப்போது கல்கத்தாவில், காளிகாட்டில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை பிடித்து மரவேலை செய்துகொண்டிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரு வருஷம். வேலை அதிகம் வரவில்லை. மழைதான் வந்தது. லேக் மார்க்கெட்டில் மாவுக்கடை வைத்திருக்கும் பாண்டி மச்சான் (என் மனைவி செல்வியின் அண்ணன்) அடிக்கடி வந்து கொட்டகையை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"மாப்ள, கிரைண்டர்கிட்ட நிக்க ஆள் வேணும். இதை விட்டுட்டு வந்துரு."

"பார்ப்போம் மச்சான்."

"எதைப் பார்க்கப் போற? ஒழுகுறதையா?"

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வந்தார். லேக் கார்டன்ஸ்காரர், வங்காளி. துர்கா பூஜை முடிந்ததும் வருஷாவருஷம் பழைய வேன் ஒன்றில் மருந்து ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். ரோடு என்று சொல்ல முடியாத ரோட்டில் கடைசிக் கிராமம் வரைக்கும். அவரோடு சேர்த்து ஆறு பேர். வேனின் பின்பக்கம் மருந்து வைக்க ஆறு டிராயர் வேண்டும் என்றார். நன்றாக வந்தால் நண்பர்களின் வண்டி இன்னும் மூன்று அனுப்புகிறேன் என்றார். அனுப்பினால் கொட்டகை பிழைக்கும். இல்லாவிட்டால் கிரைண்டர்.

செல்வியிடம் சொன்னேன். "வண்டிக்கு டிராயர் போடப் போறேன்."

"போட்டிருக்கிற டிராயரே கிழிஞ்சு கிடக்கு. இதுல வண்டிக்கு வேறயா?"

டாக்டரைத் தாதா என்று கூப்பிட வேண்டும். (இங்கே தாதா என்றால் அண்ணன். பயப்பட வேண்டாம்.) தாதா சுத்த வங்காளம் பேசுகிறவர். டிராயர் வர வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் கையை வைத்துச் சொன்னார்: "தாலா. ஷொப் டிராயாரே தாலா." எல்லா டிராயருக்கும் தாலா.

தலையாட்டினேன். தாலா தெரியும். மத்தியானம் சாப்பிடுகிற கடையில் தினமும் காதில் விழுகிற வார்த்தை. தாலா என்றால் தட்டு.

வங்காளத்தில் நாலு த இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு தாலா தட்டு, இன்னொரு தாலா பூட்டு. தட்டுக்கு மட்டும் வாயிலிருந்து கொஞ்சம் காற்று வர வேண்டுமாம். நமக்கு ஒரே த. அதை வைத்துத்தான் தாத்தாவையும் கூப்பிடுகிறோம், துக்கத்தையும் சொல்லுகிறோம்.

மருந்து டிராயருக்குள் தட்டு எதற்கு என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். ஆறு பேர், ஆறு டிராயர், ஆறு தட்டு. கணக்கு சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்தால் நான் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

நல்ல பிளைவுட். பால்பேரிங் சேனல். விரலால் தொட்டால் டிராயர் ஓடி வரும். கோயில் பக்கத்துப் பாத்திரக்கடையில் ஆறு எவர்சில்வர் தட்டு வாங்கினேன். ஒவ்வொரு டிராயரிலும் தட்டு செருக ஒரு வெட்டு வெட்டி, உள்ளே கம்பளித் துணி ஒட்டினேன். குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. அந்தத் தட்டுகளுக்குப் பட்ட பாட்டை என் கல்யாணத்துக்குக்கூட நான் பட்டதில்லை.

கொண்டி வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கல்கத்தா தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். மேடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

புறப்படுகிற அன்று காலையில்தான் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். மழை தூறியது. அவசர அவசரமாக மருந்தை அடுக்கினார்கள். டாக்டரின் மனைவி ஒரு தட்டைப் பார்த்து "பா!" என்றார். பாராட்டு.

தாதா கேட்டார். "தாலா?"

"ஆச்சே தாதா." இருக்கிறது.

"ஷொப்?"

"ஷொப்."

"சாபி?"

சாவி நம்ம வார்த்தை மாதிரிதான். வண்டிச் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "ஏறு, உன்னைக் காளிகாட்டில் இறக்கிவிடுகிறேன்" என்றார். முன்னால் இடமில்லை. டிராயர்களுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கிளம்பும்போது அந்த அம்மா கும்பிட்டு, "துக்கா துக்கா" என்றார். துர்க்கையைச் சொல்கிறார்கள். எனக்குத் துக்கம் என்றே விழுந்தது. அன்றைக்கு நான் சரியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

வண்டி லேக் கார்டன்ஸ் பாலத்தில் ஏறியது.

முதல் டிராயர் வந்து முழங்காலில் இடித்தது. உள்ளே தள்ளினேன். ரெண்டாவது வந்தது. அதைத் தள்ளும்போது முதல் டிராயர் மறுபடி வந்தது. ரெண்டு கை, ரெண்டு கால், ஒரு தலை. மொத்தம் அஞ்சு. டிராயர் ஆறு. கத்தியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. பாலத்தின் உச்சிக்குப் போவதற்குள் ஆறும் சேர்ந்து வந்தன. பாட்டில் உடைகிற சத்தம் கேட்டுத்தான் தாதா வண்டியை நிறுத்தினார்.

பின்கதவைத் திறந்தார். முதலில் ஸ்டூல் விழுந்தது. அடுத்து நான். என் மேல் இருமல் மருந்து. பின்னால் பாலம் முழுக்க ஆரன்.

தாதா டிராயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தாலா கொத்தாய்?" தாலா எங்கே?

அதுதானா, அது பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு நிம்மதி. எழுந்து, ஒரு தட்டை உருவி, துண்டால் துடைத்து, ரெண்டு கையாலும் நீட்டினேன்.

பின்னால் நின்ற டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "தாதா, பாத் கொத்தாய்?" சோறு எங்கே?

பாலமே சிரித்தது. தாதா சிரிக்கவில்லை. உடைந்த ஊசிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மலையில் ஆட்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அந்த வங்காளம் எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் விளங்கியது.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேறு ஆளிடம் பூட்டுப் போட்டு, மறுபடி மருந்து சேர்த்து, தாமதமாகத்தான் போனார். அதற்குள் மேலே குளிர் இறங்கிவிட்டது. மருந்துக்கு வர வேண்டியவர்களில் பாதிப்பேர் வரவில்லையாம். மற்ற மூன்று வண்டிகளும் என்னிடம் வரவில்லை. கொட்டகையைக் காலி செய்து, கதவில் தாலா போட்டேன். பூட்டுத் தாலா. அதை மட்டும் சரியாகப் போட்டேன்.

இப்போது கிரைண்டர்கிட்ட நிற்கிறேன்.

தட்டுகளைத் தாதா திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்றில்கூட ஒரு நெளிசல் இல்லை. வீட்டில் அதில்தான் சாப்பிடுகிறோம். "நீங்க செஞ்சதுல அசையாம நின்னது இதுதான்" என்று செல்வி சோறு போடுகிறாள். என் மகள் இங்கேயே பிறந்தவள், வங்காளம் தண்ணீர் மாதிரி பேசுவாள். என் வாய்க்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுப்பா, காத்து வரணும்" என்பாள். சொல்வேன். பெருமூச்சுதான் வரும்.

கடை அடைக்கும்போது பாண்டி மச்சான் தெருமுனையிலிருந்து கத்துவார். "மாப்ள, தட்டு போட்டுட்டியா?" பக்கத்துக் கடைக்காரர்களும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் தெரியாது.

"போட்டாச்சு" என்பேன். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். நாலு எட்டு நடந்துவிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுத்துப் பார்ப்பேன்.